பத்தாம் நாள் நின்றுவிடும் என்றார் ஆறண்ணன்

சா டெக் ஊரின் பூக்கால்வாய்ச் சந்தில் எட்டண்ணன் லுவனுக்கு இரண்டு பொறுப்புகள் இருந்தன. வருடம் முழுக்கச் சாமந்தி வளர்ப்பது ஒன்று. புத்தாண்டு முதல் நாள் காலையில், வேறு எந்த மனிதப் பிறவியும் மிதிப்பதற்கு முன்னால் அஞ்சக்கா ஹியெனின் வாசற்படியை மிதிப்பது மற்றொன்று. முதலாவது வயிற்றுக்கு. இரண்டாவதைத்தான் அவர் உத்தியோகம் என்று நினைத்திருந்தார்.

வீட்டில் பிறந்த வரிசைதான் அந்தச் சந்தில் பெயர். தலைப்பிள்ளையே இரண்டு, ஒன்று என்று யாரும் கிடையாது. ஆகவே ஏழாவதாகப் பிறந்த லுவன் எட்டானார். அவர் பெண்டாட்டி தியெப், தன் வீட்டில் எத்தனையாவதாகப் பிறந்திருந்தாலும், எட்டண்ணி ஆனாள்.

முதல் காலடி என்பதை லேசாக எண்ணிவிடக் கூடாது. தேத் என்கிற அந்தப் புத்தாண்டுப் பண்டிகையன்று வீட்டுக்குள் முதலில் நுழைகிற ஆள் எப்படியோ, அந்த வீட்டுக்கு வருடமும் அப்படி. அழுமூஞ்சி நுழைந்தால் வருடம் அழும். அதனால் ஒரு மாதம் முன்பே ஆள் பார்த்து, அவன் பிறந்த வருடத்து மிருகம் நம் மிருகத்தோடு ஒத்துப்போகுமா என்று விசாரித்து, சொல்லி வைத்துவிடுவார்கள். அஞ்சக்கா அரிசி மாவு அரைத்து நூடுல்ஸ் பிழிகிறவள். இருபது வருடத்துக்கு முன் இருமல்காரன் ஒருவன் விவரம் தெரியாமல் முதலில் நுழைந்துவிட்டதில் அந்த வருடம் பூராவும் மாவு புளித்தது என்பது அவள் கட்சி. மறுவருடம் எட்டண்ணனைக் கூப்பிட்டாள். மாவு புளிக்கவில்லை. அதிலிருந்து பத்தொன்பது வருடம் அவர்தான்.

அப்படி என்ன தகுதி? பல் முழுசாக இருந்தது. மனைவி இருந்தாள். பிள்ளைகள் நான்கு பேரும் நன்றாக இருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசவும் செய்தார்கள். சாமந்தி சொன்ன தேதிக்குப் பூத்தது. சிரித்தால் கால்வாயின் அக்கரை வரை கேட்கும். எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய உடம்பு அவர் சொன்னதைக் கேட்டது. அறுபத்தேழு வயது வரை இதை ஒரு தகுதி என்றே அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

போன வருடம் ஆறாம் மாதம் ஊர் மருத்துவ முகாமில், எல்லாரும் கொடுக்கிறார்களே என்று எட்டண்ணனும் ரத்தம் கொடுத்தார். அதில் ஒரு எண் அளவுக்கு மேல் இருந்தது. சைகோனுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இடுப்புக்குக் கீழே பல அவமானங்களை நிகழ்த்திய பிறகு, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், நல்லவேளை வெளியே பரவவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

எட்டண்ணன் ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் இலைத் தண்ணீர் குடித்தார். மூத்த மைத்துனி காய்ச்சிக் கொடுத்தது. கத்தி வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டார். கத்தியைவிட அவர் பயந்தது வேறு. சைகோன் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரன் சொல்லியிருந்தான்: வெட்டினால் மூத்திரம் நிற்காது. ஒழுகிக்கொண்டே இருக்கிற ஆளை எந்த வீட்டில் முதல் காலடிக்குக் கூப்பிடுவார்கள்? அஞ்சக்கா வீட்டு வருடம் முழுக்க என்ன ஒழுகும்?

இந்த இடத்தில்தான் ஆறண்ணன் கங் இவர் வாழ்க்கைக்குள் ஒரு மகானைப் போல வந்து சேர்ந்தார். படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். எட்டண்ணனுக்கு இரண்டு வயது மூத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அதே ஆஸ்பத்திரியில் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர்.

"அட எட்டுத் தம்பி, இதுக்கா இந்த மூஞ்சி?" என்றார் காப்பிக்கடையில், எல்லாரும் கேட்க. "ஒரு வாரம் டியூப்பு. டியூப்ப உருவினான்னா பத்தே நாள். பத்தாம் நாள் நின்னுடும். குழாய மூடுன மாதிரி."

"நெசமாவா ஆறண்ணே?"

"பதினோராம் நாள் நான் எங்க இருந்தேன் தெரியுமா? எங்கக்கா பேத்தி கல்யாணத்துல. ஆடினேன்யா!"

அவர் ஆடியதைப் பார்த்தவர் அந்தக் கடையில் யாரும் இல்லை. ஆடவில்லை என்று சொல்லக்கூடியவரும் இல்லை. ஆறண்ணன் தன் ஐஸ் காப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். எப்போதுமே அப்படித்தான். காப்பி சொல்வார், கலக்குவார், ஐஸ் கரைந்து மேலே அரை விரல் தண்ணீர் நிற்கும்வரை பேசுவார், வாயில் வைக்காமலே "படக பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். ஆசையை வென்ற மனிதர் என்று எட்டண்ணனுக்கு அவர்மேல் ஒரு மதிப்பு உண்டு.

மறுநாள் எட்டண்ணன் இலைத் தண்ணீரைச் சாமந்திக்கு ஊற்றிவிட்டுச் சைகோன் பஸ் ஏறினார்.

ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. நர்ஸ் யென் என்று ஒரு சின்னப் பெண், தன் அப்பனுக்குச் சொல்கிற மாதிரி அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"மூத்திரம் போய்க்கிட்டு இருக்கும்போது பாதியில நிறுத்துவீங்கல்ல சித்தப்பா, அந்தத் தசை. அத இறுக்குங்க. வயித்த இல்ல. சும்மா உக்காந்திருக்கும்போதே. மூச்சப் புடிக்காதீங்க, மூஞ்சி செவக்குது பாருங்க. பத்து எண்ணி விடுங்க. பத்து தடவ, மூணு வேள. இன்னைக்கே ஆரம்பிங்க. வெட்டுன பெறவு தேடுனா அந்தத் தசை எங்க இருக்குன்னே தெரியாது."

"எல்லாம் பத்து நாள்ல நின்னுடும்ல?"

"யாரு சொன்னா? அது ஆளாளுக்கு மாறும். வயசு இருக்கு, தொப்ப இருக்கு, சக்கர இருக்கு. சிகரெட்டு, இருமலு. உள்ள நரம்ப எவ்வளவு மிச்சம் வைக்க முடியுதுங்கறது இருக்கு. சிலருக்கு மூணு வாரம், சிலருக்கு மூணு மாசம், சிலருக்கு வருசம். கொஞ்சம் பேருக்குச் சொட்டு நின்னே போகாது. காப்பிய விடுங்க, கனம் தூக்காதீங்க, இறுக்குறத மட்டும் விடாதீங்க."

மந்திரி விவசாயியின் குறையைக் கேட்பதுபோல எட்டண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். காதுக்குள் பத்து நாள் என்பது உட்கார்ந்திருந்ததால் வேறு எதற்கும் இடமில்லை. ஊருக்கு வந்து, இருந்தாலும் ஒரு வார்த்தை என்று ஆறண்ணனைக் கேட்டார்.

"ஏதோ இறுக்கச் சொல்றாங்களேண்ணே?"

"ஐயய்ய! அது புள்ள பெத்த பொம்பளைங்களுக்குடா. நீ என்ன பெத்துட்டா வந்த?" ஆறண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். கடையே சிரித்தது. எட்டண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்த மாதம் முழுக்க அவர் எதையும் இறுக்கவில்லை.

எட்டாம் மாதம் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோயை முழுசாக எடுத்தாயிற்று, ஆனால் கட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் அந்தப் பக்கத்து நரம்பையும் எடுக்கவேண்டி வந்தது என்று டாக்டர் சொன்னார். எடுத்தாயிற்று என்பது வரைக்கும்தான் எட்டண்ணனுக்குக் கேட்டது. அப்புறம் தூங்கிவிட்டார். மீதியை எட்டண்ணி கேட்டுக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் டியூப்பை உருவினார்கள். அறுபத்தேழு வருடம் கேட்டுக்கேள்வி இல்லாமல் வேலை செய்த மூத்திரப்பை, அன்றைக்கு ஒரே நாளில் கட்சி மாறியது. உட்கார்ந்தால் சும்மா இருந்தது. எழுந்தால் விட்டது. தும்மினால் விட்டது. செருப்பை மாட்டக் குனிந்தால், அதற்காகவே காத்திருந்ததுபோல விட்டது. நர்ஸ் யென் மூத்திரத்தை உறிஞ்சுகிற பஞ்சுப் பேடு ஒரு கட்டைக் கையில் கொடுத்து, எப்படிக் கழற்றுவது, எப்படி உள்பக்கமாகச் சுருட்டுவது, பையில் போட்டு வாயை முறுக்கி எப்படி அடுத்தடுத்து மூன்று முடிச்சுப் போடுவது என்று காட்டினாள். "மூணு போட்டாத்தான் நாத்தம் வெளிய வராது சித்தப்பா. எங்க வார்டுல இருந்து போன எல்லாருக்கும் இதான் முடிச்சு."

வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் பத்தாம் தாளில் எட்டண்ணன் ஒரு சாமந்திப் பூ வரைந்து வைத்தார். ஒரு நாளைக்கு ஒரு தாள் கிழித்தார். ஒரு நாளைக்கு ஆறு பேடும் தீர்ந்தது. பூ வந்த நாள் காலையில் குளித்து, வெளிர்நிறக் கால்சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல் கிளம்பினார்.

"ஏங்க, ஒண்ணாவது வச்சிக்கிட்டுப் போங்க."

"பத்தாம் நாளுடி இன்னைக்கு."

"காலண்டருக்குத் தெரிஞ்சது கீழ இருக்கறதுக்குத் தெரிய வேணாமா?"

கடையில் கெட்டியாக ஒரு ஐஸ் காப்பி குடித்தார். இரண்டாவதும் குடித்தார். ஆறண்ணன் தன் காப்பியைக் கலக்கியபடி, "என்ன தம்பி, நின்னுச்சா?" என்றார். "நின்னுடுச்சுண்ணே!" என்றார் எட்டண்ணன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது. பிறகு யாரோ ஊராட்சித் தலைவரின் வாத்தைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள். எட்டண்ணன் தன் பிரசித்தி பெற்ற சிரிப்பைச் சிரித்தார்.

அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலியைவிட்டு அவர் இரண்டே முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கூட வந்தவர்கள் போனார்கள். கடைக்காரி மேசையைத் துடைத்தாள். "என்னண்ணே, வீட்டுல சண்டையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். ஒன்பதாம் மாத மழை நல்ல மழை. கடைசியில் அது வந்து காப்பாற்றியது. குடையை மறுத்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை ஒரே சீராக நனைந்து வீட்டுக்கு நடந்தார்.

அன்று முதல் அவர் வாழ்க்கை இரண்டு கணக்கில் நடந்தது. ஊருக்கு, நின்றுவிட்டது. வீட்டுக்கு, ஆறு பேடு. தன்னைவிட மூத்தவர், தன்னைவிடக் குண்டானவர், கட்டுக்கட்டாகச் சிகரெட் குடித்தவர் பத்து நாளில் காய்ந்து கல்யாணத்தில் ஆடியிருக்க, தனக்கு மட்டும் ஏன் இப்படி? டாக்டர் சரியாகத் தைக்கவில்லையா? தான் செய்த பாவமா? ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமானபோது நர்ஸ் யென்னுக்குப் போன் போட்டார்.

"இறுக்குனீங்களா சித்தப்பா?"

"இல்லம்மா."

"ஒரு நாள்கூடவா?"

"அது பொம்பளைங்களுக்குன்னு..."

"சரி. இன்னைக்குத் தொடங்குங்க. வேற யாரு எத்தன நாள்னு சொன்னாலும் அவங்க ஒடம்பு அவங்களுக்கு, உங்க ஒடம்பு உங்களுக்கு."

தொடங்கினார். தண்ணீருக்கு மேல் உயர்த்திக் கட்டிய சாமந்திச் சட்டங்களுக்கு நடுவே படகில் உட்கார்ந்துகொண்டு இறுக்கினார். சாப்பிடும்போது இறுக்கினார். இரவல் கேட்க வந்தவனிடம் இல்லை என்று சொல்லும்போதும் இறுக்கினார். காப்பியை நிறுத்தினார். ஆறு பேடு ஐந்தானது, நாலானது, பதினோராம் மாதக் கடைசியில் இரண்டானது. தேத் வரும்போது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அஞ்சக்கா வாசலைச் சுத்தமான மனிதனாக மிதிக்கலாம். அப்படி ஆகாவிட்டால், அடுப்படித் தெய்வம் மேலே போய் வீட்டு வண்டவாளத்தையெல்லாம் சொல்கிற பன்னிரண்டாம் மாதம் இருபத்துமூன்றாம் தேதியன்று, அஞ்சக்காவிடம் தானே நேரில் போய் இந்த வருடம் வேறு ஆள் பார் என்று சொல்லிவிடுவது. இதில் மட்டும் பொய் கூடாது. அவள் மாவு புளிக்கத் தான் காரணமாகக் கூடாது.

இந்தச் சத்தியம் தனியாகச் சுமக்கக் கனமாக இருந்ததால், பன்னிரண்டாம் மாதம் பிறந்தவுடன் ஆறண்ணனைப் படகுத்துறைக்குத் தனியே கூட்டிப்போய் உண்மையைச் சொன்னார். ரெண்டு பேடு, இன்னும் நிற்கவில்லை, நின்றது என்றது பொய்.

ஆறண்ணன் அவர் தோளில் கை வைத்தார். கண்கூடக் கலங்கியது. "என்கிட்ட சொன்னது கல்லுக்குள்ள போன மாதிரி. கவலப்படாத. எல்லாருக்கும் என் ஒடம்பு மாதிரி வாய்க்குமா?"

அந்த வாரம் சாமந்தித் தொட்டிகளைப் படகில் ஏற்றவேண்டி வந்தது. ஆயிரத்து இருநூறு தொட்டி. கூலிக்காரர்கள் பாதிப்பேர் வரவில்லை. பூ காத்திருக்காது, மொட்டு விட்டது விட்டதுதான். எட்டண்ணன் மூன்று நாள் சேர்ந்து தூக்கினார். நாலாம் நாள் ஐந்து பேடு.

"தூக்குறதுக்கு முன்னாடி இறுக்கணும் சித்தப்பா!" நர்ஸ் யென் போனிலேயே கத்தினாள். "இறுக்கிட்டுத் தூக்கணும். ரெண்டு மாசமா கட்டுனத மூணு நாள்ல அவுத்துட்டீங்களே!"

இருபத்துமூன்றாம் தேதி காலை. அஞ்சக்காவிடம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு எட்டண்ணன் செருப்பை மாட்டக் குனிந்தபோது (முதலில் இறுக்கிவிட்டுத்தான் குனிந்தார்) அஞ்சக்காவே படியேறி வந்துவிட்டாள். கையில் வாழையிலையில் உருட்டிக் கட்டிய ஒட்டரிசிக் கொழுக்கட்டை நாலு. வழக்கமாக இரண்டுதான் தருவாள்.

"எட்டு, இந்த வருசம் நீ ரெஸ்ட் எடுத்துக்க."

"என்னக்கா?"

"ஒடம்பு முடியாதவன வெள்ளன எழுப்பி வரச்சொன்னா பாவம்ல. ஆறு வரேன்னுட்டான்."

"ஆறண்ணனா?"

"அவன் எதுவும் தப்பா சொல்லலடா. ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னான். 'அக்கா, எட்டுக்கு இன்னும் ஒழுகுது, வாய்விட்டுச் சொல்ல வெக்கப்படுறான், நாமளாப் புரிஞ்சிக்கணும்'னான். அவன் பாரு, அதே ஆபரேசன், பத்தே நாள்ல காஞ்சுட்டான். நல்ல ராசிடா அது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "காப்பிக்கடையில எல்லாருக்குமே தெரியும். நீ ஒண்ணும் வெக்கப்படாத."

எட்டண்ணன் கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டார். அவர் சொல்லவந்ததும் இதேதான். வேறு ஆள் பார் அக்கா என்பதுதான் அவர் மனப்பாடம் செய்த வாசகம். ஆனால் தானாகக் கழற்றிக் கொடுக்கவிருந்த சட்டையை இன்னொருவன் உருவிக்கொண்டு போனால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. அவள் போன பிறகு எட்டண்ணி உள்ளேயிருந்து வந்தாள்.

"கல்லுக்குள்ள போன மாதிரின்னாரே?"

"விடு."

"கல்லுல ஓட்ட போல."

புத்தாண்டுக் காலை நல்ல வெயில். எட்டண்ணன் தன் வாசலில் புத்தாண்டுக்குப் பூக்கிற மஞ்சள் மாய்ப்பூ மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். கால்வாய்க்கு அக்கரையில், அஞ்சக்கா வீட்டுப் படியை ஆறண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு மிதித்தார். வலது காலை வைத்துவிட்டு, படம் எடுக்க நேரம் கொடுக்கிறவர்போல ஒரு நிமிடம் நின்றார். உள்ளே கைதட்டினார்கள். பத்தொன்பது வருடத்தில் தனக்கு யாரும் கைதட்டியதில்லை என்பது எட்டண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெயில் ஏறியதும் எட்டண்ணி அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். "ஆறண்ணன் வீட்டுக்குப் போய் வாழ்த்திட்டு வந்துடுங்க. மொத நாளே போகலன்னா, போகலங்கறதும் ஊருக்குத் தெரிஞ்சிடும்."

அவர் குளியலறையில் பேடு மாற்றி, சுருட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார். மற்ற நாளானால் குப்பை வண்டிக்குப் போயிருக்கும். தேத் மூன்று நாளும் வீட்டைப் பெருக்கித் தள்ளக் கூடாது, ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது. குப்பையோடு வருடத்து அதிர்ஷ்டமும் போய்விடும். எந்தப் பணக்காரன் வீட்டிலும், எந்த நாட்டாமை வீட்டிலும், நாலாம் நாள் காலைவரை இருக்கிற குப்பையெல்லாம் உள்ளேதான் இருந்தாகவேண்டும்.

ஆறண்ணன் வீடு நிறைந்திருந்தது. அஞ்சக்காவும் வந்திருந்தாள். தேங்காய்த் தண்ணீரில் வெந்த பன்றிக்கறியும் முட்டையும், பாகற்காய் சூப்பும், தர்பூசணியும் தட்டுத்தட்டாக வந்தன. எட்டண்ணன் இரண்டு கையாலும் வாழ்த்தினார். ஆறண்ணன் அவரைக் கட்டிக்கொண்டார். "ஒடம்ப பாத்துக்க தம்பி" என்று எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். எல்லாரும் எட்டண்ணனின் இடுப்பைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல வேறெங்கோ பார்த்தார்கள். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

குளியலறைக் கதவைச் சாத்தினார். வேலையை முடித்துக்கொண்டு கை கழுவக் குனிந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பை தெரிந்தது. வாய் முறுக்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு.

முதலில் தன் வீட்டுக்கே வந்துவிட்டோமோ என்று நினைத்தார். பிறகு கை தானாகப் போய்ப் பையை அழுத்திப் பார்த்தது. நான்கு மாதமாக அந்தக் கைக்கு அந்த மெத்து தெரியும். கதவின் உள்பக்கத்தில் தினசரிக் காலண்டர் தாள்கள் ஒரு கத்தையாகக் குத்தியிருந்தன. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் மூன்று கோடு. காலை, மதியம், மாலை. கத்தை கட்டைவிரல் அளவு தடிமன். இரண்டு வருடமாகக் கரைந்த ஐஸ் காப்பிகள் எல்லாம் ஒன்றாக எட்டண்ணன் மனதில் வந்து நின்றன. அந்த மனிதர் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. படகைப் பார்க்கப் போனாரே, அவரிடம் ஏது படகு?

வெளியே காலடி. "எட்டு? ரொம்ப நேரமா காணலியேன்னு..." கதவு திறந்தது. ஆறண்ணன் அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள் நிற்பதற்காகக் கட்டிய அறை அல்ல அது.

"எத்தன?" என்றார் எட்டண்ணன்.

"எது?"

"ஒரு நாளைக்கு."

"ரெண்டு." கொஞ்சம் பொறுத்து, "இருமல் வந்தா மூணு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் நாலு மாசம்."

"பத்து நாள்னீங்களே."

"கத்தாத. நீ எலத் தண்ணி குடிச்சிக்கிட்டிருந்த. வருசமாகும், நிக்காமலும் போகும்னு சொல்லியிருந்தா போயிருப்பியா? செத்திருப்படா."

எட்டண்ணன் யோசித்தார். யோசிக்கும்போதும் இறுக்கிக்கொண்டுதான் யோசித்தார், அது பழக்கமாகியிருந்தது. "சரி. உசிரக் காப்பாத்துனது நீங்க. அத வச்சிக்கிட்டேன். இறுக்குறது பொம்பளைங்களுக்குன்னீங்களே? இதென்ன கோடு?"

ஆறண்ணன் கதவைப் பார்த்தார். "கடையில வச்சி எல்லார் முன்னாடியும் கேட்ட. ஆமா செய்யணும்னு சொன்னா, 'நீங்க செய்யறீங்களா'ன்னு அடுத்தது கேப்பல்ல?"

"தனியா சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ஒரு மாசம்ணே. வெட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு முழு மாசம் இருந்திச்சு."

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதை விரோதத்தோடு பார்த்தார்கள்.

"அஞ்சக்காகிட்ட ஏன் போனீங்க?"

ஆறண்ணன் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டார். "அறுபத்தொம்போது வருசத்துல ஒரு வீட்டுலயும் என்ன மொதல்ல வான்னு கூப்பிட்டதில்ல எட்டு. டிக்கெட்டு கிழிக்கிறவன். எல்லாரும் ஏறுன பொறவு கடைசியா ஏறுறவன். ஒரு தடவ ஏறிப் பாக்கலாம்னு..." நிறுத்தினார். "அந்தப் பைய அங்கயே வச்சிடு. நாலாம் நாள் நானே கொண்டுபோய்ப் போட்டுடுவேன்."

எட்டண்ணன் வைக்கவில்லை. இறுக்கினார், பையைத் தூக்கினார், கதவைத் திறந்தார். பின்கட்டுக்கு அப்பால் கால்வாய்தான். வெளியே போகவேண்டுமென்றால் கூடத்தின் வழியாகத்தான் போகவேண்டும். போனார். பேச்சு ஒவ்வொரு தட்டாக நின்றது. தர்பூசணியைக் கடித்தவர்கள் கடித்தபடியே இருந்தார்கள்.

"எட்டு!" அஞ்சக்கா எழுந்தே விட்டாள். "என்னடா கையில? மொத நாளு வீட்டுக் குப்பைய வெளிய எடுத்துட்டுப் போறியா? ஆறோட வருசத்து அதிர்ஷ்டம்டா அது!"

"குப்பையில்லக்கா. ஆறண்ணன் எனக்குக் குடுத்தது."

"என்ன குடுத்தான்?"

"அத அவரே சொல்லட்டும். மத்தவங்க விசயத்தையே அவ்வளவு அழகா சொல்றவரு."

எல்லாத் தலையும் திரும்பியது. ஆறண்ணன் பின்கட்டு வாசலில் நின்றார். காலையில் வலது காலை வைத்தபோதிருந்த முகம் அல்ல அது. எட்டண்ணன் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். அந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் பையைத் திரும்பக் கொண்டுபோய்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, உட்கார்ந்து பாகற்காய் சூப் குடித்திருப்பார்.

"உரம்" என்றார் ஆறண்ணன். "எட்டோட சாமந்திக்கு... உரம்."

"உரமா! நல்ல மனசு ஆறுக்கு" என்றாள் அஞ்சக்கா, உட்கார்ந்துகொண்டே. "ஆனா மொத நாளு குடுக்கலாமா?"

எட்டண்ணன் வாசற்படியைத் தாண்டினார். கால்வாய்ப் பலகைப் பாலத்தில் ஏறும்வரை ஒரு சொட்டு விழவில்லை. கோபத்துக்கு அந்தக் குணம் உண்டா என்று நர்ஸ் யென்னைக் கேட்கவேண்டும் என்று நினைத்தார். பாலத்தின் நடுவில் 'உரம்' ஞாபகம் வந்தது. தன்னை அறியாமல், நான்கு மாதமாகச் சிரிக்காத அந்தச் சிரிப்பு வெடித்து அக்கரைக்குக் கேட்டது. உடம்பும் உடனே தன் கட்சியைக் காட்டிவிட்டது.

வீட்டில் எட்டண்ணி பையையும் அவரையும் பார்த்தாள். முடிச்சுகளை எண்ணினாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சரி, அவர் வீட்டுலேருந்து வெளிய எடுத்தீங்க. இங்க உள்ள கொண்டுவந்துட்டீங்களே? மூணு நாளைக்கு இனிமே இதுவும் போகாது."

அதை எட்டண்ணன் யோசித்திருக்கவில்லை.

பை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவருடைய பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டிலும் ஒரே முறுக்கு, ஒரே மூன்று முடிச்சு. தெரியாதவர் பார்த்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, பத்துப்பத்தாக, அவற்றைப் பார்த்துக்கொண்டே எட்டண்ணன் இறுக்கினார். ஆறண்ணன் இரண்டாம் நாள் வாழ்த்த வந்தார். எட்டண்ணன் தூங்குவதாக எட்டண்ணி சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாளும் வந்தார். அப்போதும் எட்டண்ணன் தூங்கினார்.

நாலாம் நாள் காலையில் எட்டண்ணன் தன் பையை எடுத்துப்போய்க் குப்பை வண்டியில் போட்டார். மற்றதை ஆறண்ணனே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று திண்ணமாக உட்கார்ந்து ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தார். வண்டி கிளம்ப மணியடித்தது. எழுந்து உள்ளே போனார். இறுக்கிவிட்டுத்தான் அதையும் தூக்கினார்.